கைப்பக்குவமா, கணக்கா? பிளாக்ஜாக் எப்படி இயங்குகிறது

குழம்பில் உப்புப் போடுகிற எவருக்கும் தெரியும்: குறைந்தால் சேர்த்துக்கொள்ளலாம், கூடினால் எடுக்க முடியாது. கடைசிச் சிட்டிகைக்கு முன்னால் கை தயங்குவது அதனால்தான். இன்னும் கொஞ்சம் போடலாமா, இதோடு நிறுத்திவிடலாமா? இந்த ஒரு தயக்கத்தைச் சுற்றிக் கட்டப்பட்ட சீட்டாட்டம்தான் பிளாக்ஜாக். லாஸ் வேகாஸ் கேசினோக்களில் பல பத்தாண்டுகளாக நடுநாயகமாக இருக்கும் ஆட்டம் இது. சரியாக முடிவெடுத்தால் இழப்பு வெகுவாகக் குறைகிற மிகச் சில கேசினோ ஆட்டங்களில் ஒன்றும்கூட. எந்த நிலையில் எந்த முடிவு சரி என்பதைக் கணித்து வைத்த அட்டவணைக்கு ‘பேசிக் ஸ்ட்ராட்டஜி’, அதாவது அடிப்படை உத்தி, என்று பெயர். அது மந்திரம்போல மனப்பாடம் செய்யப்படுகிறது. ஏன் அப்படி என்று தெரிந்துகொண்டால் மனப்பாடமே பாதி குறைந்துவிடும்.

இரண்டு அடுப்புள்ள ஒரு சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் உங்கள் குழம்பு, இன்னொன்றில் கேசினோவின் சார்பில் சீட்டுப் போட்டு ஆடும் டீலருடையது. நடுவில் உப்பு டப்பா. அதற்குள் சிறிதும் பெரிதுமாகக் கரண்டிகள், ஒவ்வொன்றிலும் உப்பு நிரம்பியிருக்கிறது. பார்த்து எடுக்க முடியாது, கையில் வந்ததைப் போட வேண்டும். இந்த ஆட்டத்தில் சீட்டுதான் கரண்டி. 2 முதல் 9 வரை அந்தந்த எண்ணே அளவு. 10, ஜாக், ராணி, ராஜா ஆகிய நான்கும் 10. ஏஸ் மட்டும் வசதிப்படி 1 அல்லது 11. மொத்தம் 21 வரை போகலாம். தாண்டினால் குழம்பு கரித்துவிட்டது, கொட்ட வேண்டியதுதான். ஆட்டக்காரர்கள் இதை ‘பஸ்ட்’ என்பார்கள். தாண்டாமல் டீலரைவிட அதிகமாக நின்றால், போட்ட பந்தயத்துக்குச் சமமான பணம் கிடைக்கும். இரண்டும் சமம் என்றால் பந்தயம் அப்படியே திரும்பும். முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் ஒரு பத்தும் சேர்ந்தால் அதற்குத்தான் பிளாக்ஜாக் என்று பெயர். அதற்குத் தனிப் பரிசு உண்டு: 2 போட்டவருக்கு 3.

மேசையில் வேறு எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாலும் உங்கள் போட்டி டீலருடன் மட்டுமே. ரம்மி ஆடிப் பழகியவர்கள் எதிராளி எதை எடுத்தார், எதைக் கழித்தார் என்று பார்த்து அவர் மனதை ஊகிப்பார்கள். இங்கே ஊகிக்க எதுவும் இல்லை. டீலர் 16 அல்லது அதற்குக் கீழே இருந்தால் இன்னொரு சீட்டு எடுத்தே ஆக வேண்டும். 17 வந்துவிட்டால் நின்றே ஆக வேண்டும். உங்களிடம் 18 இருப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும், தன்னுடைய 17 தோற்கப்போகிறது என்று தெரிந்தாலும் அவர் நிற்கத்தான் வேண்டும். அவருடைய இரண்டு சீட்டில் ஒன்று முகம் காட்டிக் கிடக்கும், மற்றது கவிழ்ந்திருக்கும். அடிப்படை உத்தி முழுவதும் இந்த இரண்டிலிருந்துதான் பிறக்கிறது: டீலரைக் கட்டிப்போட்டிருக்கும் விதி, வெளியே தெரிகிற அந்த ஒரு சீட்டு.

அவருக்கு எந்தச் சுதந்திரமும் இல்லை என்றால் கேசினோவுக்கு லாபம் எங்கிருந்து வருகிறது? வரிசையிலிருந்து வருகிறது. உங்கள் குழம்பைத்தான் முதலில் முடிக்க வேண்டும். அது கரித்தால் அந்த இடத்திலேயே கொட்டிவிட்டுப் பந்தயத்தையும் எடுத்துக்கொள்வார்கள். பிறகு டீலருடையதும் கரித்துப்போனால் அதனால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. டீலர் தன் விதிப்படி ஆடும்போது சுமார் 28 சதவீதம் தடவை 21-ஐத் தாண்டுகிறார். நீங்களும் அதே விதியைக் கடைப்பிடித்தால் உங்களுக்கும் அதே 28. இருவருமே தாண்டுவது நூற்றுக்கு ஏறக்குறைய 8 தடவை. அந்த எட்டும் கேசினோவின் பங்கு. பிளாக்ஜாக்குக்கான கூடுதல் பரிசு அதில் இரண்டுக்குச் சற்று அதிகமாக ஈடுகட்டுகிறது. ஆக, டீலரைப் பார்த்து அப்படியே ஆடுகிறவர் 100 ரூபாய்க்குச் சராசரியாக ஐந்தரை ரூபாய் இழக்கிறார்.

இன்னொரு வகை ஆட்டக்காரர் உண்டு. 12 வந்ததுமே கையை இழுத்துக்கொள்வார், தன் குழம்பு ஒருநாளும் கரிக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அவருக்கும் நூற்றுக்கு ஏறத்தாழ 4 ரூபாய் போகிறது, ஏனென்றால் உப்புப் பத்தாத குழம்பும் தோற்கத்தான் செய்கிறது. அடிப்படை உத்தியைப் பிசகாமல் பின்பற்றுகிறவருக்கோ, நல்ல விதிகள் உள்ள மேசையில், இழப்பு சுமார் அரை ரூபாயில் நிற்கிறது. டீலருக்கு இல்லாத சில உரிமைகள் உங்களுக்கு இருப்பதுதான் இதற்குக் காரணம். எந்த எண்ணிலும் நிற்கலாம், பந்தயத்தை இரட்டிக்கலாம், ஜோடியைப் பிரித்து இரண்டு கையாக ஆடலாம், சில மேசைகளில் பாதிப் பணத்தோடு விலகவும் செய்யலாம். இவற்றை எப்போது பயன்படுத்துவது என்பதைத்தான் அந்த அட்டவணை சொல்கிறது.

ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே

ஒரு கட்டில் 52 சீட்டு. அதில் பத்து மதிப்புள்ளவை 16. உப்பு டப்பாவில் மிகப் பெரிய கரண்டிதான் எண்ணிக்கையிலும் அதிகம், மூன்று தடவை கை விட்டால் ஒரு தடவை அதுதான் வரும் என்ற அளவுக்கு. இதை வைத்துக்கொண்டு, “டீலரின் கவிழ்ந்த சீட்டு பத்து என்றே நினைத்துக்கொள்” என்று பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். நினைவில் வைக்க அது உதவும், ஆனால் உண்மை அப்படியல்ல. அந்தச் சீட்டு பத்தாக இல்லாமலிருக்கும் வாய்ப்பு 69 சதவீதம். சரியான கணக்கு பத்தோடு நிற்பதில்லை. வரக்கூடிய ஒவ்வொரு சீட்டையும், அதற்குப் பின் வரக்கூடிய ஒவ்வொன்றையும் எடைபோட்டுக் கூட்டுகிறது.

கூட்டியபின் கிடைக்கும் எண்கள் இவை. டீலரின் வெளிச்சீட்டு 2 என்றால் அவர் 21-ஐத் தாண்டும் வாய்ப்பு 35 சதவீதம். 3 என்றால் 37, 4 என்றால் 39, 5-க்கும் 6-க்கும் 42. ஏழுக்கு வந்ததும் ஒரேயடியாக 26-க்கு விழுகிறது. 8-க்கு 24, 9-க்கு 23. பத்தும் ஏஸும் வெளியே இருந்தால் டீலர் முதலில் உள்சீட்டைப் பார்த்துத் தன்னிடம் பிளாக்ஜாக் இல்லை என்று உறுதிசெய்வார். அதன்பிறகு பத்துக்கு 23, ஏஸுக்கு 17.

42-இலிருந்து 26. அட்டவணை முழுவதையும் இந்த ஒரு படிதான் இரண்டாகப் பிளக்கிறது. வெளியே 6, உள்ளே பத்து என்றால் மொத்தம் 16. விதி அவரை நிற்கவிடாது. ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் குழம்பில் இன்னொரு கரண்டி போட்டே தீர வேண்டும். வருவது 5-ஐ மிஞ்சினால் கரிப்பு. வெளியே 7, உள்ளே பத்து என்றால் 17. கை வைக்காமல் நின்றுவிடலாம். வெளிச்சீட்டில் ஓர் எண் கூடியதும் ஆபத்தான இடம் அவருக்குப் பத்திரமான இடமாகிவிடுகிறது. ஆகவே 2 முதல் 6 வரை தெரிந்தால் நீங்கள் பொறுத்திருந்து அவர் கெடுத்துக்கொள்ள வழிவிடலாம், 7 முதல் ஏஸ் வரை தெரிந்தால் அவர் நல்ல எண்ணுக்கு வந்துவிடுவார் என்று எண்ணி நீங்கள் உங்கள் எண்ணை உயர்த்தியே ஆக வேண்டும்.

மேசைக் கணிப்பான்களில் பிறந்த அட்டவணை

இந்தக் கணக்கை முதன்முதலில் முழுமையாகப் போட்டு வெளியிட்டவர்கள் தொழில்முறைச் சூதாடிகள் அல்லர். 1950-களில் அமெரிக்க ராணுவத்தில், மேரிலாண்ட் மாநிலத்தின் ஆபர்டீன் ஆயுதச் சோதனைத் தளத்தில் பணியாற்றிய நான்கு பேர்: ரோஜர் பால்ட்வின், வில்பர்ட் கேன்டி, ஹெர்பர்ட் மைசல், ஜேம்ஸ் மெக்டர்மாட். கணினியில்லாமல், மேசைமேல் வைத்துப் பயன்படுத்தும் எந்திரக் கணிப்பான்களில் இதைச் செய்தார்கள். மதிப்பை வைத்துப் பார்த்தால் ஆட்டக்காரருக்கு வரக்கூடிய இரண்டு சீட்டுச் சேர்க்கைகள் 55. ஒவ்வொன்றுக்கும் எதிரே டீலரின் வெளிச்சீட்டு 10 வகை. 550 நிலைகளில் ஒவ்வொன்றிலும் எடுத்தால் என்ன, நின்றால் என்ன, இரட்டித்தால் என்ன, பிரித்தால் என்ன என்று, டீலர் முடிக்கக்கூடிய எல்லா வழிகளுக்கும் எதிராகக் கணக்கிட வேண்டும். அந்த உழைப்பை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது. அவர்களுடைய கட்டுரை 1956 செப்டம்பரில் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. 2008-இல் அவர்கள் பிளாக்ஜாக் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்கள்.

அந்தக் கட்டுரையைப் படித்தவர்களில் ஒருவர் எட்வர்ட் தோர்ப், கணித ஆசிரியர். அட்டவணையை ஒரு சின்ன அட்டையில் எழுதி லாஸ் வேகாஸுக்கு எடுத்துப் போனார். 10 டாலருடன் உட்கார்ந்து எட்டரை டாலர் இழந்தார். ஆனால் அவர் கவனித்தது வேறொன்று. அட்டவணை ஒவ்வொரு தடவையும் புதுக் கட்டிலிருந்து சீட்டு வருவதாக வைத்துக்கொள்கிறது. மேசையிலோ வெளியே வந்த சீட்டு மறுபடி கலைக்கும்வரை திரும்புவதில்லை. எம்.ஐ.டி.யில் இருந்த ஐ.பி.எம். 704 கணினியில் அவர் கணக்கிட்டபோது, கட்டிலிருந்து ஐந்துகள் எல்லாம் தீர்ந்துவிட்டால் சாதகம் ஆட்டக்காரர் பக்கம் சாய்வது தெரிந்தது. 16-இல் தவிக்கும் டீலரை 21-க்குக் கொண்டுபோய்க் காப்பாற்றுவது ஐந்துதான் என்பதை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும். 1962-இல் வந்த அவருடைய ‘பீட் த டீலர்’ என்ற புத்தகம் சீட்டு எண்ணும் முறையை ஊரறியச் செய்தது. 1964-இல் லாஸ் வேகாஸ் கேசினோக்கள் பயந்துபோய், இரட்டிப்பதற்கும் ஏஸைப் பிரிப்பதற்கும் கட்டுப்பாடு கொண்டுவந்தன. ஆட்டக்காரர்கள் மேசையை விட்டு விலகியதால் சில வாரங்களிலேயே பழைய விதிக்குத் திரும்பின. சீட்டு எண்ணுவது தனி வித்தை, அதற்கு வேறு உழைப்பு வேண்டும். அதற்கும் அடித்தளம் அடிப்படை உத்திதான்.

பதினாறு என்ற சங்கடம்

ஆட்டத்தின் மிக மோசமான கை 16. இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டவருக்கு மற்ற முடிவுகள் தானாக விளங்கும் என்பதால் இங்கே சற்று நேரம் நிற்போம்.

16-இல் இன்னொரு சீட்டு எடுத்தால், 13 வகைச் சீட்டில் 6 முதல் ராஜா வரையான 8 வகையும் கெடுத்துவிடும். 62 சதவீதம் ஆபத்து. இந்த எண்ணைக் கேட்டதுமே பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். ஆனால் 16-இல் நிற்பது பத்திரமான காரியம் என்ற எண்ணமே தவறு. டீலர் கரிக்காமல் முடித்தால் அவருடைய எண் 17-க்குக் குறையாது. எனவே 12, 13, 14, 15, 16 எதில் நின்றாலும் எல்லாம் ஒன்றே: டீலர் கெடுத்துக்கொண்டால் மட்டுமே வெற்றி, இல்லாவிட்டால் தோல்வி. நிற்பதன் விலை முழுக்க டீலரின் வெளிச்சீட்டில்தான் இருக்கிறது.

எதிரே 6 தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். நின்றால் 42 சதவீதம் வெற்றி. எடுத்தால் உயிரோடு மிஞ்சுவதே 38 சதவீதம், மிஞ்சிய கை அத்தனையும் வென்றாலும் 42-ஐ எட்டாது. நிற்க வேண்டும், மறுபேச்சே இல்லை.

எதிரே 7 என்றால்? நின்றால் 26 சதவீதம்தான் வெற்றி. 100 ரூபாய் பந்தயத்தில் சராசரியாக ஏறக்குறைய 47 ரூபாய் 50 காசு இழப்பு. எடுத்தால் இழப்பு சுமார் 41 ரூபாய் 50 காசு. எடுத்தாலும் தோற்கும் தடவைகளே அதிகம். ஆனாலும் 6 ரூபாய் மிச்சம், அது ஒரே ஒரு முடிவில் கிடைக்கிற பெரிய மிச்சம். மேசையில் மிக அதிகமாகத் தவறிப்போகும் இடமும் இதுதான் என்பது என் எண்ணம். நாமே எடுத்த சீட்டால் கரித்துப்போனால் அந்தக் குற்றம் நம்முடையதாகத் தோன்றுகிறது. நின்று தோற்றால் டீலருக்கு நல்ல சீட்டு வந்துவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். மனம் இந்தச் சமாதானத்துக்காகப் பணத்தைக் கொடுக்கிறது. அட்டவணைக்கு அந்த வெட்கம் கிடையாது, அது இரண்டு இழப்பையும் ஒரே தராசில் வைத்துச் சின்னதை எடுக்கிறது.

எதிரே பத்து இருந்தால் இன்னும் சுவாரசியம். நின்றால் 54 ரூபாய் இழப்பு, எடுத்தாலும் ஏறத்தாழ அதே 54. எடுப்பது மேல்தான், ஆனால் வித்தியாசம் நூறு ரூபாய்க்குச் சில காசு. இந்த நிலையில் ஆட்டக்காரர்கள் நெற்றி வியர்க்க யோசிக்கிறார்கள். உண்மையில் யோசிக்க ஒன்றும் இல்லை, இரண்டு பாதையும் ஒரே பள்ளத்துக்குத்தான் போகின்றன. ‘சரண்டர்’ அனுமதிக்கும் மேசையாக இருந்தால், பாதிப் பந்தயத்தை விட்டுவிட்டு விலகலாம். 54 போகிற இடத்தில் 50-தான் போகும். 8 ஜோடியாக இல்லாத 16-க்கு எதிரே 9, 10, ஏஸ் தெரிந்தாலும், 15-க்கு எதிரே 10 தெரிந்தாலும் அப்படி விலகுவதே நல்லது.

12-க்கு வந்தால் நுணுக்கம் வேறு. இங்கே கெடுக்கக்கூடியது பத்து மட்டுமே, 31 சதவீதம். அதனால்தான் எதிரே 2-ம் 3-ம் தெரியும்போது, டீலருக்கு அவை பலவீனமான சீட்டாக இருந்தும், அட்டவணை இன்னொன்று எடுக்கச் சொல்கிறது. 3-க்கு எதிரே நின்றால் 25 ரூபாய் போகும், எடுத்தால் 23. 4-க்கு எதிரே தராசு மயிரிழையில் மறுபக்கம் சாய்கிறது, 5-க்கும் 6-க்கும் தெளிவாக நிற்க வேண்டும். 13 முதல் 16 வரையான கைகளுக்கு முன்சொன்ன பிளவு அப்படியே பொருந்தும்: 6 வரை நில், 7 முதல் எடு. 17-ம் அதற்கு மேலும் எப்போதும் நிற்க வேண்டியவை.

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு ஒரு விலக்கு உண்டு, அது ஏஸ். ஏஸும் 6-ம் சேர்ந்த 17-ஐ ‘சாஃப்ட் 17’ என்பார்கள். ஏஸை 11 என்று எண்ணியதால் 17, பெரிய சீட்டு வந்தால் அதே ஏஸ் 1 ஆகச் சுருங்கிவிடும். இன்னும் தண்ணீர் விட இடமிருக்கிற குழம்பு இது, ஒரு கரண்டி கூடப் போட்டாலும் கரிக்காது. நின்றால் கிடைப்பதோ வெறும் 17, டீலர் 21-ஐத் தாண்டாதவரை அது யாரையும் வெல்லாது, சமன்தான் செய்யும். ஆகவே சாஃப்ட் 17-இல் ஒருபோதும் நிற்கக் கூடாது. ஏஸும் 7-ம் சேர்ந்த சாஃப்ட் 18 இன்னும் பலரை ஏமாற்றும், 18 போதாதா என்று தோன்றும். எதிரே 9 இருக்கும்போது நின்றால் 100-க்கு 18 ரூபாய் இழப்பு, எடுத்தால் 10 ரூபாய். 9, 10, ஏஸ் மூன்றுக்கும் எதிரே எடுக்க வேண்டும். 2, 7, 8-க்கு எதிரே நிற்கலாம். 3 முதல் 6 வரை இரட்டிக்கலாம்.

பணத்தைக் கூட்டும் இடங்கள்

இதுவரை பார்த்தது இழப்பைக் குறைக்கும் வேலை. சம்பாதிக்கும் வேலை ‘டபுள்’ எனப்படும் இரட்டிப்பில் இருக்கிறது. பந்தயத்தை இரு மடங்காக்கலாம், அதற்கு ஈடாக ஒரே ஒரு சீட்டுதான் கிடைக்கும். கையில் 11, எதிரே 6 என்றால் சும்மா எடுத்து ஆடினால் சராசரி லாபம் 33 ரூபாய், இரட்டித்தால் 67. கூச்சப்பட்டு இங்கே இரட்டிக்காமல் விடுகிறவர், மற்ற இடங்களில் இழந்ததை மீட்கக் கிடைத்த வாய்ப்பை மேசையிலேயே விட்டுவிட்டுப் போகிறார். 11-ஐப் பெரும்பாலும் எப்போதும், 10-ஐ டீலர் 2 முதல் 9 காட்டும்போது, 9-ஐ அவர் 3 முதல் 6 காட்டும்போது இரட்டிப்பது வழக்கம்.

ஒரே மதிப்புள்ள ஜோடி வந்தால் ஒரு குழம்பை இரண்டு பாத்திரமாகப் பிரித்துக்கொள்ளலாம், இரண்டாவதுக்கும் அதே பந்தயம் வைக்க வேண்டும். ஏஸ் ஜோடியை எப்போதும் பிரிக்க வேண்டும், 12-ஆகக் கிடப்பது இரண்டு பதினொன்றாகிறது. 8 ஜோடியையும் எப்போதும் பிரிக்க வேண்டும், டீலரிடம் பத்து தெரிந்தாலும்கூட. இரண்டாவது பந்தயமும் போய்விடுமே என்று பதறுவது இயல்பு. 16-ஆக வைத்திருந்தால் 54 ரூபாய் போகும், இரண்டு எட்டாக்கினால், இரண்டு பந்தயத்தையும் சேர்த்துப் பார்த்தாலும், சுமார் 48. 10 ஜோடியைத் தொடவே கூடாது, 20 என்பது கையில் இருக்கும் வெற்றி. எதிரே 6 இருந்தால் அது சராசரியாக 70 ரூபாய் தரும் கை. 5 ஜோடியைப் பிரிப்பதும் வீண், அது இரட்டிக்கத்தக்க 10. எனக்கு மிகவும் பிடித்தது 9 ஜோடி: 2 முதல் 6 வரைக்கும், 8, 9-க்கும் எதிரே பிரிக்க வேண்டும், நடுவில் 7-க்கு மட்டும் நிற்க வேண்டும். ஏழு காட்டும் டீலர் அடிக்கடி முடிக்கிற எண் 17, உங்கள் 18 அதை ஒரே ஒரு எண்ணால் முந்திவிடுகிறது.

ஏஸ் தெரியும்போது டீலர் ‘இன்சூரன்ஸ்’ வேண்டுமா என்று கேட்பார். பெயர் காப்பீடு, ஆனால் உண்மையில் அவருடைய உள்சீட்டு பத்தா என்பதன்மீது வைக்கும் தனிப் பந்தயம். வென்றால் ஒன்றுக்கு இரண்டு. 13 தடவை வைத்தால் 4 தடவை வென்று 8 வரும், 9 தடவை தோற்று 9 போகும். எண்ணிக்கை இவ்வளவு எளிது. உங்களிடம் பிளாக்ஜாக் இருந்து, “சமப்பணம் வாங்கிக்கொள்கிறீர்களா?” என்று கேட்டாலும் அது இதே பந்தயம்தான். வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

ஒரு மாலைப் பொழுதில் என்ன தெரியும்

அடிப்படை உத்தி வருமானத்துக்கு வழியல்ல. அரை சதவீதம் என்றாலும் சாதகம் கேசினோ பக்கமே இருக்கிறது, சீட்டு எண்ணாமல் பந்தயத்தைக் கூட்டிக் குறைத்து ஆடும் எந்தத் தந்திரமும் அதை மாற்றாது. இழந்தால் வாழ்க்கையைப் பாதிக்கும் பணத்தோடு அந்த மேசைக்குப் போகக் கூடாது என்பதை எவ்வளவு அழுத்தமாகச் சொன்னாலும் தகும்.

இன்னொன்று, ஒரு நாள் ஆட்டத்தை வைத்து உத்தியை மதிப்பிட முடியாது. தலா 100 ரூபாயில் 100 கை ஆடினால் கணக்குப்படி எதிர்பார்க்கும் இழப்பு 50 ரூபாய். ஆனால் அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கம் அதே 100 கையில் 1,000, 1,200 ரூபாய் மேலேயோ கீழேயோ சாதாரணமாகத் தள்ளும். 16-ஐ வைத்துக்கொண்டு 7-க்கு எதிரே நின்றவர் ஜெயித்துச் சிரிப்பார். சரியாக எடுத்தவருக்கு ராஜா வந்து கெடும். தோர்ப்பின் எட்டரை டாலரும் அப்படிப் போனதுதான். முடிவு சரியா என்பதை அந்தக் கையின் பலனைப் பார்த்துத் தீர்மானித்தால், அடுத்த தடவை தவறான பக்கம்தான் கை போகும்.

பயிற்சிக்கு வீட்டில் ஒரு சீட்டுக்கட்டு போதும், பணம் வேண்டாம். 7-ஐ டீலர் சீட்டாக மேசைமேல் வைத்துவிட்டு, உங்களுக்கு இரண்டு இரண்டாகப் போட்டு, ஒவ்வொரு கைக்கும் முடிவைச் சொல்லிப் பாருங்கள். பிறகு 6-ஐ வைத்து, அடுத்து பத்தை வைத்து. கேள்விகளை எப்போதும் ஒரே வரிசையில் கேட்டுக்கொள்வது நல்லது: விலகலாமா, பிரிக்கலாமா, இரட்டிக்கலாமா, இவை எதுவும் இல்லையென்றால் எடுக்கலாமா நிற்கலாமா. லாஸ் வேகாஸில் அட்டவணை அச்சிட்ட அட்டையைக் கேசினோவின் பரிசுப்பொருள் கடையிலேயே விற்கிறார்கள், மேசையில் வைத்துப் பார்த்து ஆடவும் பெரும்பாலும் விடுகிறார்கள். கணக்குப் போட்டுத் தரும் கருவியைப் பயன்படுத்துவதுதான் நெவாடாவில் 1985 முதல் குற்றம்.

அட்டவணையைக் கரைத்துக் குடித்த பிறகும் மேசையைத் தேர்ந்தெடுப்பதில் கோட்டைவிட்டால் அத்தனை உழைப்பும் போய்விடும். பிளாக்ஜாக்குக்கு 2-க்கு 3 என்பது பழைய பரிசு. இப்போது பல மேசைகளில் 5-க்கு 6 மட்டுமே தருகிறார்கள். 10 டாலர் வைத்தவருக்கு 15 வர வேண்டிய இடத்தில் 12 வரும். இந்த ஒரு மாற்றம் கேசினோவின் சாதகத்தைச் சுமார் 1.4 சதவீதம் உயர்த்துகிறது, அதாவது அரை சதவீதமாக இருந்தது கிட்டத்தட்ட இரண்டு ஆகிறது. டீலர் சாஃப்ட் 17-இல் நிற்காமல் இன்னொன்று எடுக்கும் மேசையில் மேலும் 0.2 சதவீதம் கூடும். இரண்டு விதியும் பெரும்பாலும் மேசை விரிப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். உட்காருவதற்கு முன் படிக்க வேண்டிய இரண்டு வரிகள் அவைதான்.